நாற்பத்திரண்டு டைரிகளும் ஒரு சிவப்புப் பேனாவும்

கேள்வி: எட்டாம் வகுப்புக்கு வகுப்பாசிரியையாக இருக்கிறேன். மொழிப்பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் 42 பேர். எழுதும் பழக்கம் வரட்டும், மனதில் இருப்பதைச் சொல்லட்டும் என்று நினைத்து எல்லோருக்கும் டைரி நோட்டு கொடுத்தேன். முதல் வாரம் உற்சாகமாக எழுதினார்கள். மூன்றாவது வாரத்தில் பாதிப் பேர் "காலையில் எழுந்தேன், பல் துலக்கினேன், பள்ளிக்கு வந்தேன்" என்றே எழுதுகிறார்கள். சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதுகிறார்கள். பிழைகளைத் திருத்தி மார்க் போட ஒவ்வொரு முறையும் மூன்று மணி நேரம் ஆகிறது. இதற்கிடையில் ஒரு மாணவி, "வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாள். "தைரியமாக இரு" என்று எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது சரிதானா என்று உறுத்துகிறது. டைரி எழுதுவதை நிறுத்திவிடலாமா? வேறு பாடங்களுக்கு இது உதவுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் கடைசியாக வந்ததற்கு முதலில் பதில் சொல்கிறேன். டைரியைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம், அந்த மாணவியின் வரி அதுவரை காத்திருக்கக் கூடாது.

நாளை அவளைத் தனியாகப் பாருங்கள். மற்றவர்கள் கண்ணில் படுகிற, ஆனால் பேச்சு காதில் விழாத இடமாக இருக்கட்டும். வராந்தாவின் ஓரமோ கதவு திறந்திருக்கும் வகுப்பறையோ போதும். "நீ எழுதியதைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். நான் எழுதிய பதில் போதாது என்று தோன்றியது. அந்தப் பயத்தைப் பற்றிச் சொல்ல விரும்பினால் கேட்கிறேன்" என்று தொடங்குங்கள். அவள் பேசினால் "பிறகு என்ன நடந்தது?" என்ற அளவில் கேளுங்கள். "அப்பா அடிக்கிறாரா?" என்பது போல ஒரு பெயரையும் ஒரு செயலையும் நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். பயந்த குழந்தை பெரியவர் சொன்னதற்குத் தலையாட்டிவிடும். பின்னால் முறையாக விசாரிப்பவர்களுக்கு அது அவள் சொன்னதா, நீங்கள் சொன்னதா என்றே தெரியாமல் போகும்.

"யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவ முடிந்த ஒருவரிடம் மட்டும் நான் சொல்ல வேண்டியிருக்கும். யாரிடம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லுங்கள். பேசி முடித்த உடனே அவள் சொன்ன சொற்களை அப்படியே, தேதி, நேரத்துடன் ஒரு தாளில் எழுதிவையுங்கள். டைரியின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அன்றே தலைமையாசிரியரிடமோ, குழந்தைப் பாதுகாப்புக்கென்று பள்ளியில் பொறுப்பாக இருப்பவரிடமோ தெரிவித்துவிடுங்கள். குழந்தைக்குத் துன்பம் நேர்கிறது என்று சந்தேகம் வந்தாலே ஆசிரியர் புகார் செய்தாக வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டமாகவே இருக்கிறது. வீட்டுக்கு நீங்களாகத் தொலைபேசி போட்டு விசாரிக்காதீர்கள். பயத்துக்குக் காரணமானவரே அந்தத் தொலைபேசியை எடுக்கலாம். அன்று மாலையே ஆபத்து என்று தோன்றினால், அவள் பள்ளியை விட்டுக் கிளம்புவதற்கு முன் பொறுப்பாளரிடம் பேசியாக வேண்டும்.

மார்க் குறைந்ததற்கான பயமாகக்கூட அது இருக்கலாம். அதைத் தீர்மானிக்கும் வேலை உங்களுடையதில்லை. அவள் பேச மறுத்தாலும் எழுதியதைத் தெரிவித்தாக வேண்டும்.

இனி டைரிக்கு வருவோம். நிறுத்த வேண்டாம். ஆனால் இரண்டு வாரம் இடைவெளி விட்டு, வேறு விதிகளோடு மறுபடி தொடங்குங்கள்.

பிள்ளைகள் சலிப்பாக எழுதுவதற்கும், பார்த்து எழுதுவதற்கும், உங்களுக்கு மூன்று மணி நேரம் ஆவதற்கும் காரணம் ஒன்றுதான். நீங்கள் டைரி என்று கொடுத்தீர்கள், அவர்கள் அதைக் கட்டுரை நோட்டாக எடுத்துக்கொண்டார்கள். திருத்தமும் மார்க்கும் உள்ள எதுவும் குழந்தைக்குப் பரீட்சைதான். பரீட்சையில் தப்பிக்கும் வழி, பிழை வராத சொற்களை மட்டும் எழுதுவது. எட்டு வரியில் ஒன்பது சிவப்புச் சுழி வாங்கிய பிள்ளை அடுத்த முறை நான்கு வரி எழுதும். அந்த நான்கிலும் "எழுந்தேன், துலக்கினேன், வந்தேன்" என்று எழுத்துக்கூட்டத் தெரிந்த சொற்களே இருக்கும். பக்கத்து நோட்டைப் பார்ப்பதும் இதே பயத்தில்தான். எது சரியான பதில் என்று தெரியாதபோது, தெரிந்தவராகத் தோன்றுபவரைப் பார்ப்பது இயல்பு.

ஆகவே டைரியில் திருத்தம் கிடையாது, மார்க் கிடையாது. பள்ளி ஏதாவது ஒரு மதிப்பீடு கேட்டால், தேதி போட்டு எழுதியிருந்தால் ஒரு டிக் என்ற அளவோடு நிறுத்துங்கள். சிவப்புப் பேனாவை அந்த நேரத்தில் மேசை மேல்கூட வைக்காதீர்கள்.

"அப்படியானால் பிழை எப்படித் திருந்தும்?" என்று கேட்பீர்கள். இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, உங்கள் பதிலிலேயே சரியான வடிவம் இருக்கும்படி எழுதுவது. "மலையில் நனைந்து விட்டேன், புத்தகம் எல்லாம் ஈரம்" என்று ஒரு பிள்ளை எழுதினால், "மழையில் நனைந்த புத்தகத்தை எப்படிக் காய வைத்தாய்?" என்று கேளுங்கள். "பள்ளிக்கு போகும்போது" என்று எழுதியிருந்தால், "பள்ளிக்குப் போகும்போது யாரோடு போவாய்?" என்று கேளுங்கள். தன் சொல் திரும்பி வருவதைப் பிள்ளை கூர்ந்து படிக்கும், வித்தியாசம் கண்ணில் படும். எல்லாப் பிள்ளைகளும் உடனே பிடித்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் இரண்டாவது வழியும் வேண்டும். டைரிகளைப் படிக்கும்போது பலரிடம் திரும்பத் திரும்ப வரும் பிழைகளைத் தனித் தாளில் குறித்து, வாரம் இரண்டை மட்டும் இலக்கண வகுப்பில் எடுங்கள். ஒரு வாரம் ல, ள, ழ. இன்னொரு வாரம் வல்லினம் மிகும் இடம். எடுத்துக்காட்டு வாக்கியங்களை நீங்களே புதிதாக எழுதுங்கள். டைரியில் வந்த வாக்கியத்தைப் பெயர் சொல்லாமல் கரும்பலகையில் போட்டாலும், எழுதியவருக்குத் தன் வரி தெரியும். அதன் பிறகு அந்தப் பிள்ளை மனம் விட்டு எழுதாது.

பேச்சுத் தமிழில் எழுதவும் விடுங்கள். "அவன் என்னக் கூப்பிடவே இல்ல" என்று எழுதும் பிள்ளைக்கு, "அவன் என்னை அழைக்கவேயில்லை" என்று மாற்றி யோசிக்கும் நேரத்தில் சொல்ல வந்ததே நழுவிவிடும். எழுத்துநடைப் பயிற்சிக்குக் கட்டுரை நோட்டு இருக்கிறது.

திருத்தம் இல்லாத இடத்தில் என்ன இருக்க வேண்டும்? பதில். அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சல்ஸில், லெஸ்லி ரீட் என்ற ஆறாம் வகுப்பு ஆசிரியை தினமும் தன் மாணவர்களோடு நோட்டில் எழுதிப் பேசிவந்தார். மாணவர் எழுதுவார், அவர் திருத்தாமல் பதில் எழுதுவார், மாணவர் அதற்கு மறுபடி எழுதுவார். 1979-80 கல்வியாண்டில் எழுதப்பட்ட அந்த நோட்டுகளை ஜானா ஸ்டேட்டன் என்ற ஆய்வாளர் ஆராய்ந்தார். உரையாடல் குறிப்பேடு என்று இன்று பல நாடுகளில் வழங்கும் முறை பரவியது அங்கிருந்துதான். அதன் உயிர் ஆசிரியரின் பதிலில் இருக்கிறது. தான் எழுதியதை ஒருவர் படித்தார், அதைப் பற்றி யோசித்தார் என்று தெரிந்தால்தான் அடுத்த பக்கம் நீளும்.

"நன்று", "அருமை", "இன்னும் முயற்சி செய்" என்பவை பதிலாகா. நோட்டைத் திறக்காமலேயே எழுதக்கூடிய சொற்கள் அவை. பதில் இரண்டு மூன்று வரி போதும். ஆனால் பிள்ளை எழுதிய ஏதாவது ஒரு பொருளோ ஆளோ இடமோ அதில் பெயரோடு வர வேண்டும். அதைப் படித்தபோது உங்களுக்குத் தோன்றியதும் ஒரு வரியில் வரட்டும். தேவைப்பட்டால் ஒரு கேள்வி. ஒவ்வொரு முறையும் கேள்வி கேட்டால் விசாரணை போலாகிவிடும்.

ஒரு மாதிரி. மாணவன் இப்படி எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம்: "விளையாட்டு பீரியடில் என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்." நல்லெண்ணத்தோடு நம் கை எழுதத் துடிப்பது: "கவலைப்படாதே, எல்லோரிடமும் அன்பாகப் பழகினால் சேர்த்துக்கொள்வார்கள்." இதில் குற்றம் அவன் தலையில் விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக: "ஒரு பீரியட் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருப்பது மிக நீண்ட நேரம். அன்று மட்டுமா, அடிக்கடி இப்படி ஆகிறதா? அடுத்த முறை அணி பிரிக்கும்போது நான் வரட்டுமா, இல்லை இப்போதைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் போதுமா?" கடைசிக் கேள்வி முக்கியமானது. பல பிள்ளைகளுக்கு நாம் தலையிடுவது வேண்டாம், தெரிந்திருந்தால் போதும். கேட்காமல் மறுநாள் வகுப்பில் "இனி எல்லோரையும் சேர்த்து விளையாடுங்கள்" என்று நீங்கள் அறிவுரை சொன்னால், யார் எழுதியிருப்பார் என்று மற்றவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

இப்போது கணக்கு. மூன்று மணி நேரத்தை 42 நோட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் வருகிறது. திருத்தம் போய்விட்டால் இரண்டு நிமிடம் போதும். அப்போதும் 84 நிமிடம். வாரத்தில் மூன்று நாள் எழுத வைத்தால் அதையும் உங்களால் தாங்க முடியாது. ஆகவே வகுப்பை 14 பேராக மூன்று குழுவாகப் பிரியுங்கள். எழுதும் ஒவ்வொரு நாளும் ஒரு குழுவுக்குப் பதில் எழுதுங்கள். நாளொன்றுக்கு 28 நிமிடம், ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஒரு பதில். எந்தக் கிழமை தன் முறை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மற்ற 28 நோட்டுகளையும் அன்றே கண்ணோட்டமாகப் பார்த்துவிடுங்கள். ஒன்றுக்குப் பதினைந்து விநாடி என்றாலும் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். இதைத் தவறவிடாதீர்கள். பயத்தை எழுதிய நோட்டு படிக்கப்படாமல் ஐந்து நாள் கிடக்கக் கூடாது.

வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கேள்வியைக் கரும்பலகையில் எழுத ஒரு நிமிடம், எழுத ஏழு நிமிடம், திரும்பப் படித்துப் பார்த்து மூடி வைக்க இரண்டு நிமிடம். முதல் வாரம் ஐந்து நிமிட எழுத்தில் தொடங்கி ஏழுக்குப் போகலாம். "இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும்" என்று கேட்கும்போதே நிறுத்துவது நல்லது. எழுதும் நேரத்தில் பேனா நிற்கக் கூடாது என்பது ஒன்றே விதி. ஒன்றும் தோன்றாவிட்டால் கடைசியாக எழுதிய சொல்லையே திரும்பத் திரும்ப எழுதலாம், இரண்டு மூன்று முறைக்குள் வேறு ஏதாவது வந்துவிடும். முதல் மூன்று நிமிடம் நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள். வரிசைகளுக்கு நடுவே நடந்து எட்டிப் பார்த்தால் கையால் மறைத்துக்கொள்வார்கள். கடைசி பீரியட் வேண்டாம். மணி அடிப்பதற்குள் முடிக்கும் அவசரத்தில் "எழுந்தேன், துலக்கினேன்" திரும்ப வந்துவிடும்.

நோட்டு சிறியதாக இருக்கட்டும். பெரிய நோட்டில் ஆறு வரி வெறுமையாகத் தெரியும், சின்ன நோட்டில் அதுவே பக்கத்தை நிரப்பும். வகுப்புத் தலைவனிடம் சேகரிக்கச் சொல்லாதீர்கள். பிள்ளைகளே ஒரு பெட்டியில் போடட்டும், பூட்டிய அலமாரியில் வையுங்கள், திருப்பித் தருவது உங்கள் கையாலேயே நடக்கட்டும். ஒரு நோட்டை ஒரே ஒருவர் பிரித்துப் படித்துச் சிரித்தால்கூட, வகுப்பு முழுக்க அன்றோடு ஜாக்கிரதையாகிவிடும்.

கேள்விகளில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். "இன்று என்ன செய்தாய்?" என்று கேட்டால் பட்டியல்தான் வரும், பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. "மறக்க முடியாத நிகழ்ச்சி" என்றால் ஏற்கெனவே மனப்பாடம் செய்த கட்டுரை வரும். நேரத்தையும் இடத்தையும் சுருக்குங்கள். "நேற்று ஒரு பத்து நிமிடத்தை எடுத்துக்கொள், அதில் கேட்ட சத்தங்களை எழுது." "இந்த வாரம் நீ மட்டும் கவனித்த ஒன்று." "வகுப்பில் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது எது?" "எதைப் பற்றி உன் எண்ணம் மாறியது? எப்போது மாறியது?" "கேட்க வெட்கமாக இருந்த ஒரு சந்தேகம்." இவற்றுக்கு அடுத்தவரைப் பார்த்து எழுத முடியாது. பல் துலக்கிய கதையே மறுபடி வந்தால் கண்டிக்காதீர்கள். அதில் ஒரு சொல்லுக்கு அடியில் கோடிட்டு, "வழியில் யாரைப் பார்த்தாய்? அந்த இரண்டு நிமிடத்தை மட்டும் எழுதேன்" என்று பதில் போடுங்கள். இரண்டு நோட்டில் ஒரே பத்தி இருந்தால் இருவருக்கும் வெவ்வேறு கேள்வி எழுதுங்கள், அடுத்த முறை பக்கங்கள் பிரிந்துவிடும்.

"அப்பாவோடு கழித்த நாள்", "விடுமுறைக்குப் போன இடம்" போன்றவை வேண்டாம். அப்பா இல்லாத பிள்ளையும் எங்கும் போகாத பிள்ளையும் பொய் எழுத வேண்டிவரும். எந்தக் கேள்விக்குக் கீழும் "அல்லது உன் விருப்பம்" என்று எழுதிவிடுங்கள்.

"உன் மனதில் உள்ள பெரிய துயரத்தை எழுது" என்று கேட்கவே கேட்காதீர்கள். எழுதினால் மனப்பாரம் குறையும் என்பதற்கு ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். கல்லூரி மாணவர்கள் நான்கு நாள் தொடர்ச்சியாக, நாளுக்கு 15 நிமிடம், தங்களைப் பாதித்த நிகழ்ச்சியை எழுதினார்கள். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த சில மாதங்களில் கல்லூரி மருத்துவ மையத்துக்குக் குறைவாகப் போனார்கள். ஆனால் எழுதி முடித்த உடனே அவர்களுடைய மனநிலை மோசமாகவே இருந்தது, இரத்த அழுத்தமும் கூடியிருந்தது. உங்கள் வகுப்பில் ஏழு நிமிடம் முடிந்ததும் கணக்குப் பாடம் வந்துவிடும். கிளறிவிட்ட துயரத்தோடு ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை அதில் உட்கார வேண்டும். பிள்ளை தானாக எழுதினால் மதித்துப் படியுங்கள், நாமாகத் தோண்ட வேண்டாம்.

பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் பயத்தை எழுதினால் மார்க் கூடும் என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2011-இல் வந்த ஓர் ஆய்வு அப்படிச் சொன்னது. 2018-இல் வெளியான மறுசோதனையில் அந்த விளைவு கிடைக்கவில்லை. பிள்ளைக்கு ஆறுதலாக இருந்தால் எழுதட்டும், மார்க் கூடும் என்று சொல்லி எழுத வைக்காதீர்கள்.

எழுதிய பக்கத்தை மடித்துவைத்தால் ஆசிரியர் படிக்க மாட்டார் என்ற விதியைச் சில வகுப்புகளில் வைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மடித்ததைப் படித்தால் நம்பிக்கை போகும், படிக்காமல் விட்டு அதில் ஆபத்தான செய்தி இருந்தால் குழந்தையைக் கைவிட்டதாகும். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "இதில் எழுதுவதை நான் படிப்பேன். மற்றவர்களுக்குக் காட்ட மாட்டேன். உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவி கேட்பேன். நான் படிக்க வேண்டாம் என்று நினைப்பதை எழுதிவிட்டு, அந்தத் தாளைக் கிழித்து நீயே எடுத்துப் போகலாம்." இதையே நோட்டின் உள்ளட்டையில் ஒட்டிவையுங்கள். பெற்றோருக்கும் ஒரு சிறு கடிதம் அனுப்புங்கள்.

எழுதவே வராத பிள்ளைகளுக்குப் படம் வரைந்து பெயர் எழுதுவதும் டைரிதான். "எனக்குப் புரியாதது…", "முதலில் நினைத்தது… ஆனால்…" போன்ற தொடக்கங்களைச் சுவரில் ஒட்டிவைக்கலாம். கையெழுத்தே போராட்டமாக இருக்கும் பிள்ளை வாயால் சொல்ல, ஒரு வரியை நீங்கள் எழுதிக்கொடுங்கள்.

மற்ற பாடங்களுக்கும் உதவும், ஆனால் தனி நோட்டில். அறிவியலோ கணிதமோ முடியும் நேரத்தில் புத்தகத்தை மூடச் சொல்லி, இன்று படித்ததை நினைவிலிருந்து ஐந்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதை வேறு மையில் சேர்க்கட்டும். நினைவிலிருந்து மீட்டெடுத்து எழுதுவது, புத்தகத்தைத் திறந்துவைத்துக் கருத்துகளைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் வரைபடம் போடுவதைவிட ஒரு வாரம் கழித்தும் நன்றாக நினைவில் நின்றது என்று கார்ப்பிக்கி, பிளண்ட் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். பரீட்சைப் பயம் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட அதே 2018 மறுசோதனைத் தொகுப்பில் இந்த முடிவு தாக்குப்பிடித்தது. கணிதத்தில் "விடை என்ன?" என்பதைவிட "எந்த வரியில் நின்றுபோனாய்?" என்று கேளுங்கள். பத்துப் பேர் ஒரே வரியைச் சொன்னால் மறுநாள் எதை மீண்டும் நடத்துவது என்று தெரிந்துவிடும்.

முன்னேற்றம் தெரிய, முதல் வாரத்தில் ஏழு நிமிடத்தில் எழுதிய சொற்களைப் பிள்ளையே எண்ணிக் கடைசிப் பக்கத்தில் குறித்துவைக்கட்டும். பத்தாவது வாரம் மறுபடி எண்ணட்டும். அந்த எண்ணிக்கையை வகுப்பில் வாசிக்காதீர்கள், யாருடையதையும் யாரோடும் ஒப்பிடாதீர்கள்.

ஆண்டு முடிவில் நோட்டுகளைப் பள்ளி அலமாரியில் விட்டுவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் எழுதியவர் கையிலேயே கொடுங்கள். கொடுப்பதற்கு முன் கடைசிப் பக்கத்தில், அந்த ஆண்டு அந்தப் பிள்ளை எழுதியதில் உங்கள் நினைவில் நின்ற ஒரு வரியைத் தேதியோடு எழுதுங்கள். 42 பேருக்கும் எழுத இரண்டு மாலை ஆகும். அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள்.